முதல் இரும்பு

கடிவாளம் என்ற சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் உருவகமாகவே கையாள்கிறோம். நாக்குக்குக் கடிவாளம், செலவுக்குக் கடிவாளம், அதிகாரத்துக்குக் கடிவாளம். இந்த உருவகங்களில் குதிரையின் வாய் மட்டும் காணாமல் போய்விடுகிறது. தலையைச் சுற்றிய வாரும் கையில் பிடிக்கும் வாரும் வெறும் தோல். வாய்க்குள் குறுக்காகச் செல்லும் உலோகத்துண்டே கடிவாளத்தின் உயிர். அதை இங்கே வாயிரும்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. மெல்லிய ஈறு, அதன் அடியில் உடனே தாடை எலும்பு. வாயிரும்பு நாக்கின் மீதும் இந்த இடத்தின் மீதும்தான் அழுந்துகிறது. இரண்டரை வயது முதல் ஏறத்தாழ ஐந்து வயது வரை குட்டிக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். மனிதன் அதைப் பழக்க முற்படுவதும் அதே ஆண்டுகளில்தான். முரட்டுக் கைகளால் மரத்துப்போன வாய் எளிதில் மீள்வதில்லை. ஆகவே முதல் இரும்பு எது என்பதைவிட, அது எப்போது, எந்த வரிசையில் வாய்க்குள் போகிறது என்பதே பெரிய கேள்வி.

இதைக் கூர்ந்து யோசித்தவர்களில் முக்கியமானவர் ஜெனோஃபோன். சாக்ரடீஸின் மாணவர், கி.மு. 401இல் பாரசீகத்துக்குள் சென்று மாட்டிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படையுடன் நாடு திரும்பியவர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் எழுதிய குதிரையேற்ற நூலை வாசிக்கையில் அதன் கனிவு வியப்பளிக்கிறது. பிள்ளையைத் தொழில் கற்க அனுப்புவதுபோல, என்னென்ன கற்பிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்துக் குட்டியைப் பயிற்சியாளரிடம் விடச் சொல்கிறார். சவாரிக்கு மட்டுமல்லாமல் தீவனத்துக்கு அழைத்துச் செல்லும்போதும் வாயிரும்பை அணிவித்தால், அதை நீட்டியதும் குதிரை தானாகவே ஏற்றுக்கொள்ளும் என்கிறார். இரும்பின் நடுவில் தொங்கும் சிறு வளையங்களுக்கும் அவர் காரணம் சொல்கிறார். அவற்றை நாக்காலும் பல்லாலும் துழாவிக்கொண்டிருக்கும் குதிரைக்கு இரும்பைக் கடித்துப் பிடிக்கும் எண்ணம் வராது.

ஆனால் இதே மனிதர் குறைந்தது இரண்டு வாயிரும்புகள் வேண்டும் என்கிறார். ஒன்று வழவழப்பானது, மற்றது கூர்முனைகள் கொண்டது. முரட்டு இரும்பைக் கடித்த குதிரை அதை வெறுத்து விட்டுவிடும். பிறகு வழவழப்பானதைத் தந்தால் அதை விரும்பும். முன்னதில் கற்றதைப் பின்னதிலும் செய்யும். முதலில் வலி, பிறகு ஆறுதல். கற்பித்தலின் இந்த வரிசை நம் பள்ளிக்கூடங்களிலும் வெகுகாலம் இருந்ததுதான்.

ஐரோப்பா இந்த முடிச்சோடு நெடுநாள் போராடியது. 1550இல் நேப்பிள்ஸின் கிரிசோனே வெளியிட்ட நூல் விதவிதமான வாயிரும்புகளின் படங்களால் நிறைந்தது. பிரான்சில் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினேல் மூக்குப்பட்டையில் தொடங்கினார். குதிரையின் அறிவை நம்பினார்.

வலியில் தொடங்கும் வரிசையை முற்றிலும் தலைகீழாக்கியவர்களோ நூல் எழுதாதவர்கள்: கலிஃபோர்னியாவின் மாடு மேய்ப்பர்கள். 1769இல் ஸ்பானியர்கள் அங்கே குடியேறத் தொடங்கிய பின் அந்தப் பண்ணைகளில் உருவான மரபு இது. இளங்குதிரையின் வாயில் அவர்கள் எதையும் வைக்கவில்லை. பச்சைத்தோலைப் பின்னிச் செய்த மூக்குவளையம், குதிரைமயிரில் திரித்த கயிறு, அவ்வளவுதான். இந்த அமைப்புக்கு ஸ்பானியப் பெயர் ஹாக்கிமா. அதன் மூலம் ஷகீமா என்னும் அரபுச்சொல். அரபியில் அதன் பொருள், வாய்க்குள் போகும் இரும்பு! கடல் தாண்டி வந்த சொல், தன் இரும்பை எங்கோ வழியில் உதிர்த்துவிட்டிருக்கிறது.

குதிரை தேறத் தேற மூக்குவளையம் மெலியும். அதன்பின் இரட்டை வார்க் காலம். மெல்லிய வளையம் மூக்கில் இருக்க, வாய்க்குள் முதல் இரும்பு வரும். ஆனால் சவாரி தொடக்கத்தில் வளையத்தின் வாரைக் கொண்டே நடக்கும். இரும்பைக் குதிரை சும்மா சுமந்து பழகும். இரும்பின் வார் கொஞ்சம் கொஞ்சமாகவே பேசத் தொடங்கும். எல்லாம் முடியப் பல ஆண்டுகள் ஆகும்.

அந்த இரும்போ பார்க்கவே அச்சமூட்டுவது. நடுவில் கரண்டிபோல் ஒரு தகடு மேலண்ணத்தை நோக்கி எழுந்து நிற்கும். அவசரக்காரன் கையில் அது சித்திரவதைக் கருவி. இத்தனை கொடிய பொருளை இறுதி நிலையில் வைத்தவர்களை முழுக்கக் கனிவானவர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் வாய் கெடாத குதிரைக்கு மட்டுமே அது தரப்பட்டது என்பதும், தளர்ந்து தொங்கும் வாரின் எடையே அதற்குப் போதுமான செய்தி என்பதும் உண்மை.

1848இல் கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது. 1862 முதல் 1864 வரை நீடித்த வறட்சியில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன; பழைய பண்ணைகள் சிதறின. ஒரு குதிரைக்குப் பல ஆண்டுகள் செலவிடும் முறை இடம்பெயர்ந்து, நெவாடா, ஆரிகன் பக்கத்து மேய்ப்பர்களிடம் எஞ்சியது. அவர்களுடைய வாயிரும்புகளில் செம்பாலான சிறு உருளை ஒன்று உண்டு. ஜெனோஃபோனின் வளையங்களைப்போலவே குதிரை அதை நாக்கால் உருட்டிக்கொண்டிருக்கும். அப்போது எழும் கிரீச்சொலியை வைத்து ஆங்கிலத்தில் அந்த உருளையையே சில்வண்டு என்று அழைக்கிறார்கள்.