அடித்தவன் யார்?

சொற்கள் வெறும் ஒலிகள் அல்ல. ஒரு சொல்லைப் பிளந்து பார்த்தால், அதை வழங்கிய மக்களின் எண்ணம் உள்ளே இருக்கக் காண்கிறோம். மாந்தரை நடுங்க வைத்த நோய்க்கு இடப்பட்ட பெயர் ஒன்றை இன்று அவ்வாறு பிளந்து பார்ப்போம்.

விவிலியத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதன் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில், ஏழு தூதர்கள் ஏழு வாதைகளோடு வருகின்றனர். தமிழில் 'வாதை' என்று நிற்கும் இடத்தில் மூலத்திலுள்ள சொல் 'பிளேகே'. அதன் நேர்ப்பொருள் நோயா? இல்லை. தொற்றா? அதுவும் இல்லை. 'அடி' என்பதே அதன் பொருள்! அடியால் உண்டாகும் புண்ணையும் அதே சொல் குறிக்கும். இலத்தீன் மொழியின் 'பிளாகா' இதன் உறவுச் சொல். அதிலிருந்து கிளைத்து, ஆங்கிலத்தின் வாயிலாக நம் ஊர்வரை வந்ததே 'பிளேக்'.

கொள்ளைநோயைக் குறிக்க 'லோய்மோஸ்' என்ற தனிச்சொல்லும் கிரேக்கரிடம் இருந்தது. ஆனால், அடி என்ற சொல்லே ஆங்கிலத்தில் நோயின் பெயராய் நிலைத்தது. அடி என்றால் அடித்தவன் ஒருவன் வேண்டும். அடிபட்டவனிடம் குற்றம் ஒன்றும் வேண்டும். மருந்து தேட வேண்டிய மக்கள் குற்றவாளியைத் தேடினர்.

விளைவு என்ன? 1347 இல் ஐரோப்பாவில் புகுந்த கொள்ளைநோய் ஊர் ஊராக உயிர்களை வாரிச் சென்றது. இறைவன் அடிக்கிறான் என்று நம்பியோர், தம்மைத் தாமே சவுக்கால் அடித்துக்கொண்டு கூட்டங்கூட்டமாய்த் தெருக்களில் நடந்தனர். 1349 இல் போப்பாண்டவர் ஆறாம் கிளெமெந்தே அவர்களைக் கண்டித்தார். கிணற்றில் நஞ்சிட்டவர்கள் யூதர்களே என்று வேறு சிலர் பழி சுமத்தினர். அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் யூதர்கள் தீயிலிடப்பட்டனர். அடித்தவன் யார் என்ற கேள்விக்கு அண்டை வீட்டான் பலியானான்!

வேறு வகையாய்க் கேட்டவரும் உண்டு. அதுவும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே. கி.மு. 430 இல் ஏதென்சு நகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. துசிடிடீசு என்னும் வரலாற்றாசிரியர் தாமே நோயுற்றுப் பிழைத்தவர். கோயில்களில் செய்த வேண்டுதல்கள் பயன்படவில்லை என்று எழுதினார். நோயின் குறிகளை வரிசையாய்க் குறித்தார். மீண்டும் வந்தால் மக்கள் அடையாளம் காணட்டும் என்பதே அவர் நோக்கம். நோயுற்றோரைப் பேணியவர்கள் மிகுதியாய் மடிந்ததையும் கண்டு சொன்னார்.

'யார் அடித்தார்?' என்பதை விட்டு, 'எது, எவ்வாறு?' என்று கேட்கும் அந்த வழியில் வந்தவர்களே பின்னாளில் வென்றனர். 1894 இல் ஆங்காங்கில் எர்சின் பிளேக் கிருமியைக் கண்டார். 1898 இல் கராச்சியில் சிமோன், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். பாவியையும் புண்ணியவானையும் பூச்சி பிரித்தறியவில்லை! இன்று காலத்தே மருந்தளித்தால் பிளேக் குணமாகும் நோய்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். அதே 'பிளேகே' என்ற சொல் லூக்கா நூலிலும் வருகிறது. கள்வர் கையில் அகப்பட்டு வழியில் கிடந்தவன் பட்ட அடிகளை அது குறிக்கிறது. தமிழில் அங்கே 'காயம்' என்றிருப்பதால், இரண்டும் ஒரே சொல் என்பது நமக்குத் தெரிவதில்லை. அவ்வழியே வந்த சமாரியன், 'நீ செய்த பாவம் என்ன?' என்று கேட்கவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துப் புண்ணைக் கட்டினான். சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பேணினான். செலவுக்குப் பணமும் கொடுத்தான்.

ஒரே சொல், இரண்டு பாதைகள். அடித்தவனைத் தேடிய பாதை ஸ்ட்ராஸ்பூர்க்கின் நெருப்பில் முடிந்தது. அடிபட்டவனை நாடிய பாதை மருத்துவமனையில் முடிகிறது. நோயாளியைக் காணும்போது நம் நாவில் முதலில் எழ வேண்டிய கேள்வி எது என்பதில் இனியும் ஐயம் உண்டோ?