இறையச்சமும் ஞானமும்: கிறித்தவ மரபில் ஒரு கருத்தின் வரலாறு

இறையச்சம் அல்லது தெய்வபயம் என்பது கடவுளின் பெருமையை உணர்ந்து அவர்முன் பணிந்து நடக்கும் மனநிலையாகும். இம்மனநிலையே ஞானத்திற்குத் தொடக்கம் என்பது விவிலியத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. யூதர்களின் ஞான இலக்கியத்தில் தோன்றிய இக்கருத்து, கிறித்தவத் துறவு மடங்கள், பல்கலைக்கழகங்கள், வீட்டு மறைக்கல்வி ஆகியவற்றின் வழியாக 2000 ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. அச்சம் எப்படி அறிவைத் தரும், அஞ்சுகிறவரால் அன்பு செய்ய முடியுமா என்ற ஐயங்களும் அதனுடன் சேர்ந்தே வந்துள்ளன. அவற்றுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடைகளே இக்கருத்தின் வரலாறு.

சொற்பொருள்

எபிரேய மொழியில் 'யிர்ஆ' என்னும் சொல் நடுக்கத்தையும் குறிக்கும். பெரியோரிடம் காட்டும் மரியாதையையும் குறிக்கும். எந்தப் பொருள் என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

ஞானத்தைக் குறிக்கும் 'ஹொக்மா' என்பதும் நூலறிவோடு நிற்பதன்று. விடுதலைப் பயண நூலில் கூடாரப் பணி செய்த கைவினைஞரின் திறமைக்கும், நூல் நூற்ற பெண்களின் திறமைக்கும் இச்சொல்லே வருகிறது. எனவே ஞானம் என்பது வாழத் தெரிந்த திறமை எனலாம்.

'ரேஷித்' என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்றும், தலையாயது என்றும் பொருள் உண்டு. ஆகவே, இறையச்சம் ஞானத்தின் முதற்படி மட்டுமா, அதன் உயிர்நாடியும் அதுவா என்ற கேள்வி மூலச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

எபிரேயத் திருநூலில்

நீதிமொழிகள் நூல் இக்கருத்தை முதல் அதிகாரத்தில் கூறி, 9-ஆம் அதிகாரத்தில் மீண்டும் வலியுறுத்துகிறது. இறுதியான 31-ஆம் அதிகாரத்தில் இறையச்சம் உள்ள பெண்ணைப் புகழ்ந்து முடிகிறது. யோபு, சபை உரையாளர் (பிரசங்கி) நூல்களிலும் இக்கருத்து உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீராக்கின் ஞானம் இதை முதல் அதிகாரத்திலேயே விரித்துரைக்கிறது.

நடைமுறையில் இறையச்சம் என்ன செய்யும் என்பதற்கு மூன்று இடங்களைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது, லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம். காது கேளாதவரைச் சபிப்பதையும், பார்வையற்றவர் வழியில் இடறல் வைப்பதையும் அது தடுக்கிறது; உடனே கடவுளுக்கு அஞ்சும்படி கட்டளையிடுகிறது. சபித்தவர் யாரென்று முன்னவருக்குக் கேட்காது. இடறல் வைத்தவரைப் பின்னவர் காண முடியாது. பிடிபட மாட்டோம் என்று தெரிந்த இடத்திலும் ஒருவரைத் தடுத்து நிறுத்துவதே இங்கு இறையச்சம்.

இரண்டாவது, விடுதலைப் பயணத்தில் வரும் மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் ஆகியோரின் கதை. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்து மன்னன் ஆணையிட்டான். அவர்கள் கடவுளுக்கு அஞ்சியதால் குழந்தைகளை வாழவிட்டனர். கடவுள்மேல் இருந்த அச்சம் மன்னன்மேல் இருந்த அச்சத்தை வென்றது.

மூன்றாவது, யோபு. அவர் கடவுளுக்கு அஞ்சியவர் என்றே அறிமுகமாகிறார். ஆதாயம் இல்லாமலா அவர் அஞ்சுகிறார் என்று சாத்தான் கேட்கும் கேள்வியிலிருந்து கதை வளர்கிறது. துன்பத்தில் யோபு கடவுளிடம் வழக்காடுகிறார். நண்பர்களோ கடவுளுக்காகப் பரிந்து பேசுகின்றனர். முடிவில் கடவுள் யோபின் பேச்சையே சரியென்கிறார். ஆகவே இறையச்சம் கேள்வி கேட்பதைத் தடுப்பதில்லை என்பது இந்நூலால் விளங்கும்.

புதிய ஏற்பாடும் அகுஸ்தீனும்

புதிய ஏற்பாட்டில் இருவகைக் குரல்கள் உள்ளன. பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுல் அச்சத்தோடும் நடுக்கத்தோடும் மீட்பில் உழைக்கச் சொல்கிறார். உரோமையருக்கு எழுதும்போதோ, விசுவாசிகள் பெற்றது அடிமையின் அச்சம் அன்று, பிள்ளைகளின் உரிமை என்கிறார். நிறைவான அன்பில் அச்சத்திற்கு இடமில்லை என்கிறது யோவானின் முதல் மடல்.

இவற்றை இணைத்துக் காட்டியவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430). எசாயா 11-ஆம் அதிகாரம் கடவுளின் ஆவி தரும் கொடைகளைப் பட்டியலிடுகிறது. எபிரேயத்தில் இறையச்சம் என்ற சொல் அங்கு இருமுறை வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பு முதலாவதைப் பக்தி என்றும், அடுத்ததை அச்சம் என்றும் பெயர்த்ததால் கொடைகள் ஏழாயின. பட்டியல் ஞானத்தில் தொடங்கி அச்சத்தில் முடிகிறது. அகுஸ்தீன் தம் 'கிறித்தவப் போதனை' நூலில் இதைக் கீழிருந்து மேலாக ஏணிபோல் வாசித்தார். அச்சம் முதற்படி, ஞானம் ஏழாம் படி.

யோவான் மடலுக்கு ஆற்றிய விளக்க உரையில் அவர் ஓர் உவமையும் தந்தார். துணி தைக்கும்போது ஊசி முன்னே நுழைகிறது. அது வெளியேறினால்தான் நூல் உள்ளே நிற்கும். அச்சம் ஊசி, அன்பு நூல்.

மடமும் பல்கலைக்கழகமும்

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் நூர்சியா நகரப் பெனடிக்ட் துறவிகளுக்கு ஒழுங்குமுறை ஒன்றை எழுதினார். மடத்தை ஆண்டவரின் பணிக்கான பள்ளி என்று கருதியவர் அவர். அதன் 7-ஆம் அதிகாரம் தாழ்மையின் 12 படிகளைக் கூறுகிறது. கடவுளச்சத்தை எப்போதும் கண்முன் வைத்திருப்பது முதற்படி. எல்லாப் படிகளையும் ஏறியவர் அச்சத்தைக் கடந்த அன்பை அடைவார் என்று அவ்வதிகாரம் முடிகிறது.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அச்சத்தை நான்காகப் பகுத்தார். உலக இழப்புக்கு அஞ்சிக் கடவுளை விட்டு விலகுவது ஒன்று. தண்டனைக்கு அஞ்சும் அடிமை அச்சம் மற்றொன்று. தந்தையைப் புண்படுத்தக்கூடாது என்னும் பிள்ளையின் அச்சம் இன்னொன்று. இவ்விரண்டும் கலந்த தொடக்க நிலை அச்சமும் உண்டு. அன்பு வளர வளரத் தண்டனையச்சம் குறையும். பிள்ளையின் அச்சம் பெருகும் என்றும், அது விண்ணகத்திலும் நிலைக்கும் என்றும் அவர் விளக்கினார்.

1495-இல் ஆயர் வில்லியம் எல்பின்ஸ்டன் நிறுவிய ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகம் இக்கருத்தையே லத்தீன் மொழியில் தன் குறிக்கோளுரையாகக் கொண்டுள்ளது.

சீர்திருத்தக் காலம்

1505-இல் இடிமின்னலில் சிக்கிய மார்ட்டின் லூதர், உயிருக்கு அஞ்சித் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். மடத்தில் எவ்வளவு நோன்பிருந்தும் தீர்ப்பிடும் கடவுளைப் பற்றிய நடுக்கம் அவரை விடவில்லை. கடவுளின் அருளை நம்புவதாலேயே மனிதர் ஏற்புடையவராகிறார் என்ற தெளிவே அவருக்கு ஆறுதல் தந்தது. ஆயினும் அவர் அச்சம் என்ற சொல்லைக் கைவிடவில்லை. 1529-இல் வெளியிட்ட சிறிய மறைக்கல்வி நூலில் பத்துக் கட்டளைகளின் விளக்கம் முழுவதிலும் கடவுளுக்கு அஞ்சுதலையும் அவரை அன்பு செய்தலையும் இணைத்தே வைத்தார்.

ஜான் கால்வினும் 'கிறித்தவ சமய நெறிமுறைகள்' நூலின் தொடக்கத்தில் கடவுளை அறிதல், தன்னை அறிதல் என ஞானத்தை இரண்டாக வகுத்து, மரியாதையும் அன்பும் சேர்ந்ததே பக்தி என்றார்.

தமிழில்

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லூதரின் சிறிய மறைக்கல்வி நூலைத் தமிழாக்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கு அச்சாகி முடிந்தது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் 'பயப்படுதல்' என்ற சொல்லே வழங்குகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அச்சம்' என்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வியில் ஏழாம் கொடையின் பெயர் தெய்வபயம். தமிழ்க் கிறித்தவர் பேச்சில் வழங்கும் 'பயபக்தி' என்ற சொல் எபிரேயச் சொல்லின் இரு பக்கங்களையும் ஒன்றாகப் பிடித்துத் தருகிறது.

தவறான பயன்பாடும் விளக்கமும்

நரகத்தைக் காட்டி மிரட்டுவதற்கும், வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளை அடக்குவதற்கும் இக்கருத்து பயன்பட்டதுண்டு. 1741-இல் அமெரிக்காவின் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆற்றிய நரக மறையுரையைக் கேட்டவர்கள் கதறி அழுதனர். அவரே 1746-இல் வெளியிட்ட நூலில், நரக பயம் மட்டும் மெய்யான சமய உணர்வுக்கு அடையாளமாகாது என்று எழுதினார். 2014 சூன் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிசு தெய்வபயம் குறித்து உரையாற்றியபோது, கடவுளைக் கண்டு மிரள்வதாக அதைக் கொள்ளலாகாது என்றார்.

அச்சம் எதில் முடிகிறது என்பதைக் கொண்டே அதன் தன்மையை அறியலாம் என்பது இவ்வரலாறு தரும் பாடம். மிரட்டலில் பிறந்த அச்சம் ஆள் மறைந்ததும் மறைந்துவிடும். பார்வையற்றவர் வழியில் கல் விழுவதை அது தடுக்காது. மருத்துவச்சிகளிடம் இருந்த அச்சமோ, மன்னனின் கட்டளைக்கு எதிராகக் குழந்தைகளைக் காத்தது. கிறித்தவ மரபு ஞானத்தின் தொடக்கம் என்று சொல்வது இந்த இரண்டாவது அச்சத்தையே.