வாழவந்தியில் இரண்டு கல்லறைகள்

ராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியெல்லாம் இடப்பக்கம் கொல்லிமலை கூடவே வரும். இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போகிறது; ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரிகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் கதை வேறு. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே ராத்தங்க மாட்டார்கள். 1913-இல் சேந்தமங்கலம் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் கல்யாணம் முடிந்த கையோடு அந்த மலையேறினார்கள். குடியேறிய இடம் வாழவந்தி. காஞ்சிபுரத்திலிருந்து வாழ வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்களின் நாடுகளில் ஒன்று அது. இந்த இருவரும் அங்கேதான் மண்ணுக்குள் போனார்கள். சிலுவைப் பலி, உயிர்த்தெழுதல் என்று கிறிஸ்தவம் சொல்லும் இரண்டு வார்த்தைகளுக்கு இந்த மலையில் என்ன பொருள் உண்டானது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

ஜெஸ்ஸி முழுப் படிப்பு படித்த டாக்டர் இல்லை. வெப்பமண்டல நோய்களுக்கான குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். கட்டட வேலை தெரிந்தவர். மலையில் இரண்டுமே கைகொடுத்தன. அன்று நரம்புச்சிலந்தி சாதாரணமான நோய். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும் ஒருவர் காலில் கொப்புளம் உடையும். உள்ளே இருக்கும் நூல்போன்ற புழு தண்ணீரில் குஞ்சுகளை விடும். அதைக் குடித்தவர் உடம்பில் ஒரு வருஷத்தில் இன்னொரு புழு வளர்ந்துவிடும். வெளியே தலைகாட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்கு ஓரிரு அங்குலம் என்று இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோகும், உள்ளே சீழ் வைக்கும். ஜெஸ்ஸி இந்தக் குச்சி வைத்தியத்தையும் செய்தார். கிணற்றுக்குள் கால் படாதபடி கல்சுவர் எழுப்பவும் சொல்லிக்கொடுத்தார். ஒரு வீட்டுக் காலிலிருந்து அடுத்த வீட்டுக் குடத்துக்குப் போகும் வழியை அடைத்தால் நோய் நிற்கும் என்பது அவர் கணக்கு. இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-இல். அதற்கு முன் நாடு முழுவதும் நடந்த ஒழிப்புப் பணியின் அடிப்படையும் இதே கணக்குதான்.

மருந்தைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டை இங்கே எதிர்கொண்டே ஆக வேண்டும். மதமாற்றம்தான் தங்கள் நோக்கம் என்பதை பிராண்ட் தம்பதி ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் மருந்து தூண்டில் என்றால், மீன் சிக்காத குளத்தில் அதை வருஷக்கணக்கில் யார் போட்டு வைப்பார்கள்? வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஜெபத்துக்கு வரவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு பலமாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சல் காலத்தில் அந்தப் பூசாரியே சாகக் கிடந்தார். யாரும் அண்டாத அவர் வீட்டுக்குள் பிராண்ட் தம்பதி போனார்கள். தன் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு அவர் கண்மூடினார். அதன் பிறகுதான் மலையில் ஒரு சிறு சபை உருவானது. இதை எழுதி வைத்தவர்கள் மிஷன் பக்கத்தவர்கள் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது: பிரசங்கம் அசைக்காத ஊரை, தொற்றுக்கு அஞ்சாமல் வாசற்படி தாண்டிய செயல் அசைத்தது. பலி என்ற சொல்லுக்கு மலைக்காரர்கள் கண்ட பொருள் அதுதான்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சல். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் மலையிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளை. சாவுச் செய்தி தந்தியில் போய்விட்டது. அப்பா கைப்பட எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. செத்துப்போன அப்பா, மலையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் தபால்தபாலாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

இங்கே இரண்டாவது ஆட்சேபம் எழும். மறுமையில் எழுவோம் என்ற ஆறுதல், தவிர்க்கக்கூடிய சாவுகளைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் மயக்கமருந்து ஆகாதா? ஆகும், பல இடங்களில் ஆகியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் அது எப்படி வேலைசெய்தது என்பதற்கு அவர்கள் செய்கையே சாட்சி. ஈவ்லின் கணவரின் கல்லறைக்கு மலர் வைத்துவிட்டு ஊரோடு தங்கிவிடவில்லை. இங்கிலாந்து போனவர் மறுபடி வந்தார், சமவெளியில் பணி செய்தார். எழுபதை நெருங்கும் வயதில், மிஷன் ஓய்வு கொடுத்ததும் மலைக்கே குடிபோனார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் கல்வராயன் மலை வரை சுற்றினார். 1974 டிசம்பரில், 95-வது வயதில் இறந்து, ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கமானார். துக்கம் ஆறியதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். துக்கத்தை அவர் சும்மா உட்கார விடவில்லை.

மகன் பால் எலும்பு அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலியில் துடித்துப்போனார், அத்தனை இறுக்கம். அந்தக் கை செத்த கை இல்லை, நல்ல தசைகள் உள்ளே உயிரோடு இருக்கின்றன என்று அந்தப் பிடியில் தெரிந்தது. செயல்படும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவைமுறை அங்கிருந்து வளர்ந்தது. தொழுநோயில் சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாததால் சூட்டையும் வெட்டையும் உணராமல் கை தேய்கிறது என்பதும் அவர் குழுவின் கண்டுபிடிப்பு. 1960-இல் லாஸ்கர் விருது தேடி வந்தது.

உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு ஏன் மறையவில்லை என்று பால் திரும்பத் திரும்ப யோசித்தவர். சந்தேகப்பட்ட தோமாவுக்குக் காட்டப்பட்டதும் அந்தத் தழும்புதான். அறுவைக்குப் பின் வேலூரில் எழுந்த கைகளும் அப்படியே: தையல் வடுவும் உணர்வற்ற தோலும் போகாது, ஆனால் சோற்றைப் பிசைந்து சாப்பிடலாம். இதற்குக் கிறிஸ்தவ நம்பிக்கைதான் வேண்டுமா என்றால், வேண்டாம். சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரிக்கு காந்தி தம் கையாலேயே பணிவிடை செய்தார். அவர் ஊற்று வேறு. என் வாதம் அவ்வளவு பெரிதல்ல. உடம்பும் எழும் என்று நம்பியவர்கள் உடம்பை அலட்சியப்படுத்தவில்லை. தழும்போடு எழுந்தவரை வணங்கியவர்கள் தழும்புள்ளவரைத் தள்ளி வைக்கவில்லை. அந்த நம்பிக்கையை ஏற்காதவரும் வாழவந்திக்குப் போய் அந்த இரண்டு கல்லறைகளையும், அவற்றுக்கு இடையே கிடக்கும் 45 வருஷ உழைப்பையும் கணக்கில் எடுத்தே தீர வேண்டும்.

அடுத்த வாரம் வேலூருக்கு, பால் வேலைசெய்த அந்தக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் வாசலுக்குப் போவோம்.