தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் சமூகப் பணிகள்: விருத்தாசலத்தை முன்வைத்து

கல்வி, மருத்துவம், ஊட்டச்சத்து, குடிநீர், வீட்டுவசதி, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மாநில அரசு ஓராண்டில் எவ்வளவு ஒதுக்குகிறது, அதில் எவ்வளவு செலவாகிறது, அது யாரைச் சென்றடைகிறது என்று ஆராய்வது சமூகப் பணிகளுக்கான நிதிநிலை ஆய்வு ஆகும். தமிழ்நாட்டில் இவ்வாய்வின் தேவையை உணர்த்தும் ஊர்களில் ஒன்று விருத்தாசலம். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இந்நகர் ஒரு ரயில் சந்திப்பு. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண்ணைச் சார்ந்து வளர்ந்த பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. பொம்மை, அகல் விளக்கு, மின்சாதனங்களுக்கான பீங்கான் பாகங்கள் ஆகியவற்றைச் செய்யும் சிறு தொழிலகங்கள் இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் இயங்கி வந்துள்ளன.

சட்ட அடிப்படை

அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி ஆண்டு நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. துறைவாரி மானியக் கோரிக்கைகள் 203ஆம் பிரிவின்படி வாக்கெடுப்புக்கு வருகின்றன. 204ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும். ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையுடன் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றையும் வெளியிடுகிறது. பொதுமக்கள் எளிதாகப் படிக்கக்கூடிய ஆவணம் இதுவே.

கணக்குத் தலைப்புகள்

அரசுக் கணக்கில் ஒவ்வொரு செலவும் நான்கு இலக்கப் பெருந்தலைப்பின் கீழ் பதிவாகிறது. பொதுக் கல்விக்கு 2202, மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரத்துக்கு 2210, குடிநீர் வழங்கலுக்கும் துப்புரவுக்கும் 2215, சமூகப் பாதுகாப்புக்கும் நலனுக்கும் 2235, ஊட்டச்சத்துக்கு 2236 ஆகியவை வருவாய்க் கணக்கின் தலைப்புகள். சம்பளம், மருந்து, உதவித்தொகை போன்றவை இவற்றில் அடங்கும். கட்டடம் போன்ற நிலையான சொத்துகளுக்கான மூலதனச் செலவு 4202, 4210 என 4இல் தொடங்கும் தலைப்புகளில் வரும். ஒரு மருத்துவமனைக் கட்டடம் ஓரிடத்திலும் அதில் பணியாற்றும் செவிலியரின் சம்பளம் வேறிடத்திலும் பதிவாவதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறையான ஆய்வு.

விருத்தாசலத்துக்குப் பணம் வரும் வழிகள்

நிதிநிலை அறிக்கையில் விருத்தாசலத்துக்கென்று தனிப் பக்கம் கிடையாது. பீங்கான் தொழிலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். தொழிலகத்துக்கான மானியம் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறையின் கோரிக்கையில் வரும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய உதவிகள் தொழிலாளர் நலத் துறையைச் சேர்ந்தவை; 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இவ்வாரியங்களுக்கு அடிப்படை. களிமண், குவார்ட்ஸ் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்டால் சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பு. பிள்ளையின் காலை உணவு சமூக நலத் துறையிலும், திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் மகள் படிக்கும் படிப்பு உயர்கல்வித் துறையிலும், தெருக்குழாய்க் குடிநீர் நகராட்சி நிர்வாகத்திலும் கணக்கிடப்படும். ஒரே வீட்டுக்கு ஆறு துறைகள். எந்தத் துறையில் பணம் நின்றாலும் பாதிப்பு அந்த வீட்டுக்குத்தான். துறைவாரியாக மட்டும் பார்க்கும் ஆய்வில் இது தெரிவதில்லை.

2025–26 ஒதுக்கீடுகள்

நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்த அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாயும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடியும், உயர்கல்விக்கு 8,494 கோடியும் ஒதுக்கப்பட்டன. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடியும், மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு 3,600 கோடியும் ஒதுக்கப்பட்டன. வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என மதிப்பிடப்பட்டது.

ஒன்றிய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படவில்லை என்று இந்த நிதிநிலை உரை குறிப்பிட்டது. ஒதுக்கீட்டை ஆராய்பவர் வரவுப் பக்கத்தையும் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

நலத்திட்ட மரபு

சமூகச் செலவில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு மாநிலத் திட்டமானது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆட்சிகள் மாறியும் உணவுக்கான தலைப்பு நிலைத்திருப்பது இம்மாநிலத்தின் பெருமைக்குரிய செய்தி.

ஆய்வு முறை

மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு என நான்கு தொகைகள் இருக்கும். அறிவித்த தொகையைவிடக் கணக்கில் வந்த தொகை தொடர்ந்து குறைந்தால், ஆள் நியமனமோ பணியாணையோ தாமதமாகிறதா என்று கேட்க வேண்டும்.

ஒதுக்கீட்டைப் பயனாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது மற்றொரு முறை. மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொண்டால், மாதம் 1,000 ரூபாய் வீதம் 1.15 கோடி மகளிருக்கு ஆண்டுக்கு 13,800 கோடி ரூபாய் வேண்டும். 2025–26 அறிக்கையின் ஒதுக்கீடு ஏறத்தாழ அதுவாகவே இருந்தது. அதாவது, தகுதியிருந்தும் விடுபட்டவர்களைப் பெரிய அளவில் சேர்க்க அத்தொகையில் இடமிருக்கவில்லை. அதற்குக் கூடுதல் நிதி தேவைப்பட்டது.

மக்கள்தொகை அமைப்பும் கவனிக்கப்பட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாநில அளவில் 20 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளதால், இம்மாவட்டத்தில் அந்த நிதி செலவாகும் விதம் தனியே ஆராயத்தக்கது.

தணிக்கை

செலவுக் கணக்கை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் ஆய்வு செய்கிறார். அவரது அறிக்கையைச் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு பரிசீலிக்கிறது. ஆனால் அறிக்கை வரும்போது செலவான ஆண்டு கடந்திருக்கும். எனவே திருத்த மதிப்பீடு வெளியாகும்போதே உள்ளூர் மக்கள் கேள்வி எழுப்புவது அவசியம். நகர்மன்றக் கூட்டத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் ஊருக்கு வந்த தொகையைக் கேட்டறிய முடியும். துறைகள் தங்கள் ஒதுக்கீட்டை வட்டம், நகராட்சி வாரியாகப் பிரித்து வெளியிட்டால், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியும் தன் பங்குக்கு வந்த பணத்தைத் தானே சரிபார்க்க முடியும்.