மொசைக் தரை வந்த வழி

மொசைக் தரையை அறியாதார் நம்மில் இலர். 1960-களிலிருந்து 1990-கள் வரை, சற்று வசதியுள்ளோர் வீடு கட்டினால் கூடத்திற்கு மொசைக் போடுவதே வழக்கமாயிருந்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், கன்னியர் மடங்கள், ஆலயங்கள் பலவற்றிலும் அதே தரைதான். அதில் முழந்தாளிட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இன்றோ அதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸும் கிரானைட்டும் பதிக்கும் காலம். பெயர்க்குமுன் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது.

முதலில் பெயர். மொசைக் என்பது உண்மையில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளையும் கல் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் அமைக்கும் கலை. வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலயத்தில் பொன்னொளி வீசும் திருவுருவங்கள் அவ்வாறு ஆனவையே. பளிங்குச் சில்லுகளைச் சாந்தில் இட்டுத் தேய்த்து மெருகேற்றும் தரைக்கு டெராசோ என்று பெயர். நம் நாட்டில் ஏனோ மொசைக் என்ற பெயரே நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே அழைப்போம்.

டெராசோவின் தாயகமும் அந்த வெனிஸ் நகரமே. கடற்கழியின் சேற்றில் மரக்கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் எழுப்பப்பட்ட நகரம் அது. கட்டடங்கள் காலப்போக்கில் சிறிது அமிழும், அசையும். பெரிய கற்பலகைகளைப் பரப்பினால் பாரமும் மிகும், விரிசலும் காணும். ஆகவே செங்கல்லையும் ஓட்டையும் உடைத்துச் சுண்ணாம்புடன் கலந்து இடித்துத் தரை அமைத்தனர். நம் முன்னோர் மாடித் தளத்திற்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டையால் தட்டி இறுக்கினார்களே, ஏறத்தாழ அதே வேலைதான். சுண்ணாம்புத் தரை சற்று வளைந்து கொடுக்கும். விரிசல் கண்டாலும் அடைத்து மறுபடி தேய்த்துவிடலாம். ஆளி விதை எண்ணெய் பூசி மெருகேற்றிய அத்தரை கண்ணாடிபோல் ஒளிர்ந்ததை பிரான்செஸ்கோ சான்சொவினோ என்பவர் 1581-இல் வெளியான தம் வெனிஸ் நூலில் வியந்து எழுதியுள்ளார்.

1586-இல் தரை வேலைக்காரர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். அவர்களுடைய பாதுகாவலர் புனித ஃபுளோரியான்; கழுத்தில் கல் கட்டப்பட்டு ஆற்றில் எறியப்பட்ட வேதசாட்சி. கல்லோடு மாரடித்தவர்களுக்குப் பொருத்தமான பாதுகாவலர்தான்!

வேலை முறையும் கேட்கத் தக்கது. அடித்தளம் இடித்து இறுகியபின், அதன்மேல் மெல்லிய சாந்து பரப்பி, பளிங்குச் சில்லுகளைக் கையால் தூவுவார்கள். உழவன் விதை தூவுவது போலிருந்ததால் அத்தரைக்கு 'செமினாத்தோ', அதாவது 'விதைத்தது' என்றே மற்றொரு பெயர் உண்டு. உருளையால் அழுத்தி, இரும்பால் தட்டி, காய்ந்தபின் நீண்ட மரப்பிடியில் பொருத்திய கனத்த கல்லை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பார்கள். அக்கருவியைக் 'கரடி' என்று அழைத்தார்கள். இழுத்தவன் முதுகு அறியும் அப்பெயரின் பொருளை.

இவ்வேலையாட்களில் மிகப் பலர் வெனிஸுக்கு வடகிழக்கேயுள்ள ஃபிரியூலி நாட்டு ஏழைகள். தாலியமெந்தோ, மெதூனா ஆறுகள் கூழாங்கற்களைக் கொண்டுவந்து குவிக்கும் பூமி அது. வேளாண்மைக்கு அவ்வளவாக ஏற்றதன்று. பயிருக்குப் பகையான அக்கற்களே அவர்களுக்குப் பிழைப்பாயின. செக்குவால்ஸ், ஸ்பிலிம்பெர்கோ முதலிய ஊர்களிலிருந்து வெனிஸுக்கும், பின்னர் ஐரோப்பா முழுமைக்கும், அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். செக்குவால்ஸில் 1826-இல் பிறந்த ஜான் டொமெனிக்கோ ஃபக்கீனா பாரிஸ் நகரின் பெரிய இசையரங்கில் மொசைக் பதித்துப் புகழ் பெற்றார். பெயர் தெரியாமல் முழந்தாள் தேய்ந்தவர்களே மிகப் பலர். 1922-இல் ஸ்பிலிம்பெர்கோவில் தொடங்கிய மொசைக் பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

பின்னர் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்டு பிடித்தது. 1920-களில் அமெரிக்காவில் மின்சாரத் தேய்ப்பு இயந்திரமும், தரையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் பித்தளைப் பட்டையும் வழக்கிற்கு வந்தன. கரடியை இழுப்போர்க்கு விடுதலை கிடைத்தது. நம் ஊர்களில் பரவியது இந்தச் சிமெண்டுத் தரைதான். பித்தளைக்குப் பதில் பெரும்பாலும் கண்ணாடிப் பட்டை வைத்தோம். ஒரு வாரம் நீர் கட்டி, இயந்திரம் ஓட்டி, வெண்பால் போன்ற கழிவுநீர் தெருவரை ஓட, சிறு துளைகளைச் சிமெண்டுப் பாலால் அடைத்து, மறுபடி இருமுறை தேய்த்து முடிப்பார்கள்.

குறையும் உண்டு. சுண்ணாம்பைப் போல் சிமெண்டு வளையாது. அடித்தளம் அமிழ்ந்தால் கீறல் விழும். பளிங்கோ புளிப்புக்குப் பகை. புளி, எலுமிச்சைச் சாறு, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் எது பட்டாலும் மெருகு போய்விடும். இவற்றால் மங்கிப்போன தரையைக் கண்டு, பழசாகிவிட்டது, பெயர்த்துவிடலாம் என்று முடிவு கட்டுகிறோம். இது அவசர முடிவு என்பேன். டைல்ஸின் மேற்பூச்சு தேய்ந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். மொசைக்கில் சில்லுகள் சாந்தின் ஆழம் வரை நிறைந்திருப்பதால், மேலே சிறிதளவு தேய்த்தெடுத்தால் உள்ளிருந்து புதுத் தரை வெளிப்படும். உடைந்த இடத்தில் அதே நிறச் சில்லு இட்டு அடைக்கலாம். வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் தேடினால் கிடைப்பார்கள். ஆலயத்திலோ வீட்டிலோ கடப்பாரையை எடுக்குமுன், ஒரு மூலையில் நாலடிச் சதுரம் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.