கொழுப்பினுள் மறைந்திருந்த இனிமை

தேங்காயெண்ணெயும் கனிந்த வாழைப்பழத்தின் நறுமணமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றால் வியப்பாக இருக்கும். இரசாயன நூலார் அக்குலத்துக்கு இட்ட பெயர் எசுத்தர். ஓர் அமிலமும் ஒரு மதுசாரமும் நீரை வெளிவிட்டு இணையும்போது எசுத்தர் பிறக்கின்றது. இவ்வுண்மை துலங்கிய வரலாறு, ஏழையர் இல்லத்து விளக்கோடு தொடர்புடையது.

கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சிச் சவர்க்காரம் செய்யும் முறையை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டான். ஆயினும், அக்கலத்தினுள் நிகழ்வது யாதென அவன் அறிந்தானல்லன். 1779ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து அறிஞர் ஷீலே, ஒலிவ் எண்ணெயை ஈய ஒட்சைட்டுடன் சூடாக்கியபோது, இனிப்பான ஒரு திரவத்தைப் பெற்றார். பிற்காலத்தில் கிளிசரீன் எனப் பெயர் பெற்றது அதுவே. எண்ணெயினுள் இனிப்பு எவ்வாறு வந்தது?

இதற்கு விடை கண்டவர் பிரான்சு தேசத்து மிஷேல் ஷெவ்ரல். 1811ஆம் ஆண்டில், பன்றிக்கொழுப்பினாற் செய்த சவர்க்காரமொன்றை அவர் ஆராயத் தொடங்கினார். 1823இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். கொழுப்பு தனிப்பொருளன்று, கொழுப்பமிலங்களும் கிளிசரீனும் இணைந்த கூட்டு. காரம் அக்கூட்டைப் பிரிக்கின்றது. அமிலம் காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகின்றது. கிளிசரீன் தனித்து நிற்கின்றது.

இதனால் உலகுக்கு விளைந்த பயன் யாது? அந்நாளில் ஐரோப்பிய ஏழைகள் விலங்குக் கொழுப்பினாற் செய்த திரிகளையே ஏற்றினர். அவை புகைந்தன, நாறின. தேன்மெழுகுதிரி செல்வர்க்கும் தேவாலயங்களுக்குமே எட்டியது. கொழுப்பிலுள்ள கிளிசரீன் வெப்பத்தாற் சிதையும்போது கண்ணைக் கரிக்கும் ஆவி எழுகின்றது. அதனை நீக்கி, கெட்டியான கொழுப்பமிலங்களால் மெழுகுதிரி செய்யும் முறைக்கு 1825இல் ஷெவ்ரலும் கேலுசாக்கும் காப்புரிமை பெற்றனர். அவர்கள் வாணிகத்தில் வெற்றி பெற்றாரல்லர்; எனினும், பின்வந்தோர் அம்முறையைத் திருத்த, எளியோர் வீட்டிலும் புகையற்ற ஒளி பரவிற்று.

1848இல் ஜேர்மானிய அறிஞர் கிமெலின் இக்குலத்துக்கு எசுத்தர் என்னும் பெயரை வழங்கினார். 1854இல் பிரெஞ்சு அறிஞர் பெர்தலோ, கிளிசரீனையும் கொழுப்பமிலங்களையும் இணைத்துக் கொழுப்பையே ஆக்கிக் காட்டினார். ஷெவ்ரல் பிரித்துச் சொன்னதை, அவர் கண் முன்னரே மற்றொருவர் சேர்த்து நிறுவிவிட்டார். ஷெவ்ரலோ நூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1889இல் மறைந்தார்.

நம் நாட்டுத் தேங்காயெண்ணெய் காரத்தோடு கலந்து சவர்க்காரமாகும் ஒவ்வொரு வேளையும், அன்று ஷீலே கண்ட அவ்வினிமை அக்கலத்தினுள் விடுதலை பெறுகின்றது.