பிரஷர் மாத்திரையும் நம் வீட்டுப் பெரியவர்களும்

"தலைசுற்றல் இல்லை, நல்லாத்தானே இருக்கேன்" என்று பிரஷர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் ஏராளம். இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு சீராக இருக்கிறது; விட்டால் மீண்டும் ஏறும், பக்கவாதம் வரை கொண்டுபோகும். நாள்பட்ட நோய்களுக்கான மருந்தை வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் ஒழுங்காக உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் கூறியது.

மறதியும் ஒரு காரணம்தான். ஆனால், நீர் பிரியும் மாத்திரை போட்டால் உளூ நிற்காது என்று ஜும்ஆ நாளில் தவிர்ப்பவர்களும் உண்டு. வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்வதில்லை. சொன்னால் நேரத்தை மாற்றித் தருவார். அம்லோடிபினால் காலில் வீக்கம் வந்தாலும் மாற்று மருந்து இருக்கிறது. அட்டெனோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவதோ ஆபத்து.

ரமளானில் குழப்பம் இன்னும் அதிகம். தினம் ஒருவேளை மாத்திரையை ஸஹரிலா இஃப்தாரிலா எடுப்பது என்று சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பகலிலும் மருந்து அவசியம் என்றால், நோயாளிக்கான சலுகை அல்பகரா 184, 185 வசனங்களில் இருக்கிறது: குணமானபின் களா, தீராத நோயென்றால் ஃபித்யா. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு என்று நம் வாப்பாமார்கள் நினைப்பதுதான் சங்கடம். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த அட்டைகள் டப்பாவில் அப்படியே கிடக்கின்றனவா என்று பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது எண்ணிப் பார்க்கட்டும்.